உரக்கப் பாடாத இடங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெபேக்கா, மேகன் லவல் சகோதரிகளின் ‘லார்க்கின் போ’ இசை இணை 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘ப்ளூம்’ ஆல்பத்துக்கு உங்கள் இசைப் பக்கத்தில் ஒரு விமர்சனம் வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்த இருவரும் முதலில் ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை வாசித்தார்கள். அப்புறம்தான் ப்ளூஸ் ராக். 2024இல் கிராமி விருது வாங்கிய அவர்களுடைய ‘ப்ளட் ஹார்மனி’ ஆல்பத்தில் ரெபேக்கா பெரும்பாலும் முழுத் தொண்டையில் பாடினார். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் ‘ப்ளூம்’ ஆல்பத்தில் அடக்கிப் பாடவும் செய்கிறார். சொல்லுக்கு இடம் விடுகிறார். வரியின் கடைசியில் குரலைத் தணித்து, அக்கா மேகன் கிடையாக வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் கிதாருக்கு வழி கொடுக்கிறார். உரக்கப் பாடுவதைவிடக் கடினமான வேலை இது. பாடகியாக அவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பது இந்த இடங்களில்தான் தெரிகிறது. கேட்டுவிட்டு யாராவது விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகி