பேஸ்ட்டை மாற்று கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

வாட்ஸ்அப்பில் எது சொன்னாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, பாப்பாவிடம் கொடுத்து மெயிலில் அனுப்பச் சொல்கிறேன். வேலை சைட்டில் வைத்துப் படிக்காதே. ரூமுக்கு வந்து, குளித்துவிட்டு, நிதானமாகப் படி.

நீ ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டாகத் தேடிப் பிடித்து வாங்குகிறாய் என்று பாப்பா சொன்னாள். அந்தப் பேரைக் கேட்டாலே உனக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் அத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகள் வாயைத் திறந்து பாட்டுப் பாடினால் வரிசையாகப் பழுப்புப் பல்தான் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது என்பார்கள். நம்ம போர் தண்ணீரில் அதற்கும் மேலேதான் இருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது 2013இல். நீ அப்போது காலேஜ் சேரும் வயசு. ஈறுக்குள்ளே பல் உருவாகிற காலத்தில், ஏழெட்டு வயசுக்குள், நீ குடித்ததெல்லாம் போர் தண்ணீர். பால் பல் முத்து மாதிரி இருந்தது. விழுந்து முளைத்ததுதான் கோடு கோடாக வந்தது. பாப்பாவுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, அவள் அந்த நாலு வருஷம் ஓசூரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள்.

ஆனால் கண்ணு, அன்றைக்கு வயிற்றுக்குள் போன ஃப்ளோரைடு வேறு, இன்றைக்குப் பல் மேல் தடவுகிற ஃப்ளோரைடு வேறு. பல் முளைத்து முடிந்த பிறகு அந்தப் பழுப்பு புதிதாக வராது. பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேலிருக்கும் எனாமலைக் கெட்டியாக்கிச் சொத்தை வராமல் காக்கிறது. போன வாரம் என் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். 1000 முதல் 1500 பிபிஎம் வரை ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், கரி போட்டது வேண்டாம், வெள்ளையாக்கும் பவுடர் வேண்டாம், சாஃப்ட் பிரஷ் என்று எழுதியே கொடுத்தார். துப்பிவிட்டு வாயை நிறையக் கொப்பளிக்காதே, கொஞ்சம் பல்லில் தங்கட்டும். இன்னொன்று. அங்கே எந்த டாக்டராவது பல்லுக்கு ஃப்ளோரைடு ஜெல் வைக்கிறேன் என்றால், கறையை மறைக்கப் பல் மேல் ஒட்டிய மெல்லிய ஓடு, அந்த வெனீர், போட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடு. அமிலம் கலந்த ஜெல் ஒன்று இருக்கிறதாம், அது பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். அமிலம் இல்லாத வகைதான் உனக்கு ஆகும்.

பேஸ்ட்டை மாற்று, சரியா?

டாக்டரம்மா உன்னை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். மேலே ஆறு பல்லுக்கும் பீங்கான் வெனீர், கீழே நாலுக்கும் காம்போசிட் என்கிற பிசின் என்று ஃபைலைப் பார்க்காமலேயே சொன்னார். ஓசூரில் இரண்டு வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு, யாரிடமும் கை நீட்டாமல், நீயே கட்டிய காசு என்று நான் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவும் இப்போது விலையைப் பற்றிப் பேசுவதில்லை. பாப்பா கல்யாண ஆல்பத்தில் நீ வாய்விட்டுச் சிரிக்கிற படத்தைப் பார்க்காமல் எந்த விருந்தாளியும் நம்ம வீட்டைவிட்டுப் போக முடியாது, எடுத்துக் காட்டிவிடுவார்.

நீ வேலை பார்ப்பது ரியாத்தில் என்றதும் டாக்டரம்மா கவலைப்பட்டது வெயிலுக்கு இல்லை, வறட்சிக்கு. வெயில் நேராக வெனீரை ஒன்றும் செய்யாதாம். வாய் காய்வதுதான் ஆபத்து. எச்சில்தான் அமிலத்தை முறிக்கிறது, பல்லுக்குக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது வற்றினால் வாய்க்குக் காவலே இல்லை. டைல்ஸ் வேலை பார்க்கிறவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைல் கெடாது, இணைப்பில்தான் தண்ணீர் இறங்கும். பீங்கான் சொத்தையாகாது, அது ஈறோரம் உன் பல்லைத் தொடுகிற இடத்தில்தான் சொத்தை நுழையும். அதுவும் நம்ம ஊர்க் கறைப் பல்லில் பசை பிடிப்பதே கஷ்டம் என்று ஒட்டும்போதே சொன்னார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால் தண்ணீர் குடி. மொத்தமாக ஒரு பாட்டில் குடித்துவிட்டு மூணு மணி நேரம் சும்மா இருக்காதே, அடிக்கடி ஒரு வாய் குடி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது, நீதான் சொன்னாய். அந்த மூணு மணி நேரம் நீ நிழலில்தான் இருக்கிறாயா? கன்டெய்னர் ஆபீஸில் ஏசிக்கு நேராக வாயைத் திறந்தபடி தூங்கினால் அதிலும் வாய் காயும். தூசிக் காற்று அடிக்கிற நாளில் தும்மலுக்கு மாத்திரை போடுவாயே, அதுவும் எச்சிலை வற்றவைக்கும். போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால் தண்ணீர் கூடக் குடி. சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லலாமாம், எச்சில் ஊறும். மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததா என்று பார்.

அப்புறம் அந்த எனர்ஜி டிரிங்க். உன் ரூம் மேஜையில் டப்பா அடுக்கியிருப்பதை அன்றைக்குப் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை. அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தது அது, நீ அதை மணிக்கணக்கில் உறிஞ்சுவாய். குடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடி, வாயைத் தண்ணீரில் கொப்பளி. உடனே பல் தேய்க்காதே, அரை மணி நேரமாவது போகட்டும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான், சூட்டுக்கு நல்லது என்று நாள் முழுக்கக் குடிக்காதே. அங்கே லபன் கிடைக்கிறதே, மோர்தானே, இனிப்பில்லாததாக வாங்கிக் குடி. பேரீச்சம்பழம் தின்றால் பல்லிடுக்கில் ஒட்டும், கொப்பளி. காவா என்கிற அந்த ஊர்க் காபி, டீ எல்லாம் பீங்கானில் கறை விடாது, கீழ்ப்பல் காம்போசிட்டில் விடும், பசை தெரிகிற ஓரத்திலும் விடும்.

தூக்கத்தில் நறநறவென்று பல் கடிக்கிறவன் நீ. பாட்டி பயந்து உன் தலைமாட்டில் விபூதி வைப்பார். ராத்திரி பல்லுக்கு மாட்டுகிற உறை, அந்த நைட் கார்டு போடுகிறாயா? அதை வண்டி டேஷ்போர்டில் போட்டு வைத்தால் அந்த வெயிலில் வளைந்துவிடும், வளைந்ததைப் போட்டால் பல்லைத் தப்பாக அழுத்தும். டப்பாவில் போட்டு ரூமிலேயே வை, பச்சைத் தண்ணீரில் கழுவு. உதட்டுக்கு எஸ்பிஎஃப் 30 போட்ட பாம் வாங்கிக்கொள். கீழுதடு வெடித்திருக்கிறது என்றாய். நாக்கால் நனைக்காதே, இன்னும் காயும்.

தண்ணீர் குடி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்கு அஞ்சாம் மாசம். மாமரம் இந்த வருஷம் சரியாகக் காய்க்கவில்லை.

ஆடி மாசத்திலிருந்து நீ கேமரா போட்டுப் பேசவில்லை. நெட் சரியில்லை என்கிறாய். ஆனால் பாப்பா வீட்டுக்காரர் கூப்பிட்டால் நெட் நன்றாக இருக்கிறது, குரல் மட்டும்தான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ 'ச' சொல்லும்போது காற்று போகிற மாதிரி இருந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த காது எனக்கு. காலேஜ் முழுக்க வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிய பிள்ளை நீ. மறுபடி அப்படி ஆகிவிட்டாயோ என்று ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை அம்மா கேட்கிறாளே என்று கோபப்படாதே. குமாரபாளையம் அத்தை ஏதாவது சொல்வார் என்ற பயம் வேண்டாம், அவரிடம் யாரும் எதையும் சொல்லப் போவதில்லை.

ஒருவேளை உடைந்திருந்தால் ஃபெவிக்விக் மாதிரி எதையும் வைத்து ஒட்டாதே. ஈறும் வெந்துபோகும், டாக்டர் சரியாக ஒட்டவும் முடியாது. சின்னச் சிராய்ப்பு என்றால் தேய்த்தே சரி செய்துவிடலாம். முழுசாகக் கழன்று வந்திருந்தால் அதையே திரும்ப ஒட்டவும் வாய்ப்பு உண்டு, அதனால் தூக்கிப் போடாமல் டப்பாவில் வை. அந்தப் பல்லைச் சீவியிருக்கிறது, மூடாமல் விட்டால் கூசும், சொத்தை பிடிக்கும், ரொம்ப நாள் தள்ளாதே. அங்கேயே யாரிடமாவது காட்டு. காசு அதிகம் கேட்டால் என் சீட்டுப் பணம் ஐப்பசியில் வருகிறது. வேண்டாம் என்று சொல்லாதே, நான் கடன் வாங்கித் தரவில்லை.

எந்தப் பல் என்று மட்டும் ஒரு வரி எழுது. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் தேதியை இப்போதே சொல், டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கி வைக்கிறேன். புதிதாகச் செய்வதென்றால் அளவெடுக்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள், நடுவில் லேப் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குத் தகுந்த மாதிரி லீவு கேள்.

அன்புடன்,
அம்மா