செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு மற்றும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மருத்துவர் சங்கத்தின் மாதக் கூட்டங்களும் தொடர் மருத்துவக் கல்வி அமர்வுகளும் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் விவரங்கள் நிகழ்ச்சிப் பதிவேட்டில் உள்ளன. பொதுக்குழு இவ்வாண்டு சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, பாம்புக்கடிச் சிகிச்சைக்கான மாவட்ட ஆலோசனைக் குழுவில் நம் உறுப்பினரான பொதுமருத்துவ நிபுணர் ஒருவர் ஊதியமோ பயணப்படியோ பெறாமல் ஆற்றிவரும் பணியாகும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவ்விறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளுக்கும் இக்கடமை உண்டு என்பதை இன்னும் படிவம் அனுப்பத் தொடங்காத உறுப்பினர்களுக்கு நினைவூட்டுகிறேன். பதிவாகாத கடிக்கு மருந்து ஒதுக்கீடு கேட்க எவராலும் இயலாது.

குழுவில் நம் நிபுணர் அதிகம் வாதாடியது கண்ணாடிக் குழாய்க்காக என்றால் சிலர் வியக்கக்கூடும். விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெட்டிருக்கிறதா என்பதை அறிய, இரண்டு மில்லி இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போதுமானது. ஆனால் பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் உறையாதது போலத் தோன்றக்கூடும். சோப்புத்தூள் படிந்த கண்ணாடியும் அவ்வாறே ஏமாற்றும். விலை உயர்ந்த ஆய்வகக் கருவிகளைப் பற்றிய பேச்சு நீண்டபோது, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய்களை முதலில் கொள்முதல் பட்டியலில் சேர்க்குமாறு அவர் வற்புறுத்தினார். இப்பரிந்துரை வரைவில் இடம்பெற்றுள்ளது.

அடுத்த விவாதம், நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்புமுன் முதல் தவணை விஷமுறிவு மருந்தைச் செலுத்துவது பற்றியது. ஒவ்வாமை ஏற்பட்டால் உறவினர்களின் கோபத்துக்குத் தனியாக முகம்கொடுக்க வேண்டுமே என்ற இளம் மருத்துவரின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்காமல், அட்ரினலின் ஊசியைத் தயாராக வைக்கும் முறையையும், தொலைபேசியில் உடனே ஆலோசனை சொல்ல ஒரு நிபுணரையும் ஏற்பாடு செய்தால்தான் அறிவுறுத்தல் நடைமுறைக்கு வரும் என்று நம் உறுப்பினர் எடுத்துரைத்தார். பாம்பு செலுத்தும் விஷத்தின் அளவு ஆளின் எடையைப் பொறுத்ததன்று. ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவே என்பதைச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடவும் அவர் கேட்டுக்கொண்டார். தொலைபேசி ஆலோசனைக்கான பொறுப்பு யாருடையது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

கட்டுவிரியன் கடியில் நிலைமை வேறு. இரவில் தரையில் உறங்குபவருக்குக் கடித்த தடம்கூடத் தெரியாமல், வயிற்று வலியும் இமை தொங்குதலுமாகத் தொடங்கி மூச்சு நின்றுவிடக்கூடும். ஆம்புலன்சில் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் ஆம்பு பையால் சுவாசம் கொடுத்தபடியே கொண்டுசெல்லும் பயிற்சியை ஒரு மயக்க மருந்து நிபுணரே சரியாக வகுக்க முடியும் என்பதால், அத்துறைக்கு மற்றோர் இடம் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியுள்ளோம்.

ஆலோசனைக் குழுவின் கூட்டங்கள் பெரும்பாலும் புறநோயாளிகள் நேரத்திலேயே கூட்டப்படுகின்றன. தனியாக மருத்துவமனை நடத்தும் ஒருவருக்கு இது சிறிய இழப்பன்று. சேவை என்று பாராட்டிவிட்டு அந்த இழப்பை அவர் தலையிலேயே விடுவது முறையன்று என்பது என் கருத்து. கூட்ட நாள்களில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க உறுப்பினர்கள் முறைவைத்து உதவ வேண்டும் என்ற தீர்மானம் செயற்குழுவின் ஒப்புதலுடன் இன்று முன்வைக்கப்படுகிறது. குழு உறுப்பினர் என்ற பெயரை மருத்துவமனை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது, மருந்து நிறுவனங்களுடன் தொடர்பு இருப்பின் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளும் அதில் அடங்கும்.

மயக்க மருந்து நிபுணருக்கான இடம் கிடைக்குமாயின் அதை ஏற்க விரும்புவோர் இக்கூட்டம் முடிவதற்குள் தம் பெயரை என்னிடம் எழுதித் தர வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்