பாப்பாவுக்கு, வத்தலக்குண்டுல இருந்து அப்பா

பாப்பா, நான் அனுப்புறதெல்லாம் ப்ளூ டிக் ஆகுது, பதில் மட்டும் உங்கம்மா போனுக்குத்தான் வருது. சரி அத விடு.

மாடியில துணி எடுக்கப் போனா கொடைக்கானல் மலை மேல ஒரே மேகமா கிடக்கு. அங்க மழைன்னா பாறையெல்லாம் வழுக்கும், பாத்து கால வை. மதிகெட்டான் சோலைக்குள்ள வாட்ச்சர் இல்லாம தனியா போகாத, அட்டைக்கு உப்பு வச்சுக்க, லென்ஸ கண்ணுல வச்சுட்டு குனிஞ்சே கிடக்காம காட்டுமாடு வருதான்னு அப்பப்ப நிமிந்து பாரு. பாறை வழுக்கும், திரும்பவும் சொல்றேன்.

டீக்கடையில உன்னப் பத்திக் கேட்டா முன்னாடியெல்லாம் ஃபாரஸ்ட் வேலைன்னு மழுப்பிருவேன். இப்பல்லாம் செண்பகனூர்ல இருந்த ஃபோரோங்கிற பிரெஞ்சு சாமியார் பழனி மலைப் பாசியெல்லாம் பட்டியல் போட்டாரு, 1961ல அச்சாச்சு, அதுல எதெது இன்னும் இருக்குன்னு எம்பொண்ணு பாக்குறாங்கிறேன். பாசி எண்ணவா எம்எஸ்சின்னு ஒருத்தன் சிரிச்சான். நீ அனுப்புன மார்கான்சியாங்கிற செடி போட்டோவ காட்டுனேன், இந்தா இலை மேல குட்டிக் கிண்ணம், மழைத்துளி விழுந்தா உள்ள இருக்கிற பொடிசுக தெறிச்சு விழுந்த இடத்துல புதுசா முளைக்கும்டான்னு நீ சொன்னத அப்படியே ஒப்பிச்சேன், வாயப் பொளந்துட்டான். பெருமைதான், ஆனா பொங்கலுக்குக்கூட வராம அப்படி என்ன பாசி.

நேத்து உன் அலமாரிய ஒதுங்க வைக்கையில பேப்பர் பொட்டலம் ஒண்ணு கிடைச்சுது, மேல உன் எட்டாங்கிளாஸ் கையெழுத்துல 'கிணத்தடி'ன்னு மட்டும். உள்ள டீத்தூள் மாதிரி சுருண்ட பாசி. ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், காபி ஆறுறதுக்குள்ள ஒவ்வொரு இலையா விரிஞ்சு பச்சையாயிருச்சு. அதுக்கப்புறம் எனக்கு காபி இறங்கல.

கிணத்தடிப் பாசிய சுரண்டாதப்பான்னு நீ அழுததாலதான் விட்டேன், அதான் அப்பத்தா விழுந்துட்டாங்கன்னு ஆஸ்பத்திரி வாசல்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னேன்ல. பொய் பாப்பா. ப்ளீச்சிங் பவுடர் வாங்கி மூணு நாளா திண்ணையில கிடந்துச்சு, அப்பத்தாளும் ரெண்டு தடவை சொன்னாங்க, நான் சீட்டாடப் போயிட்டேன். நீ சொல்லியெல்லாம் விடல. அப்பத்தா சாகுறவரைக்கும் அவங்ககிட்டயும் சொல்லல.

பொட்டலத்த காய வச்சு அதே மடிப்புல வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல உங்கம்மா பருப்புப்பொடி எடுத்துட்டு மேல வர்றா, நானும் வரட்டுமா வேணாமான்னு அவகிட்டயாவது சொல்லு. ஷூ அடி தேஞ்சிருந்தா மாத்திரு, பாறை வழுக்கும்.