வேன் ஓட்டிய கணக்கருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய திரு. நீல் ஆஸ்பினால் அவர்களுக்கு,

வணக்கம். 2008 மார்ச்சில் நீங்கள் காலமாகிவிட்டதால் இக்கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. வந்திருந்தாலும், நினைவுக்குறிப்பு நூல் ஒன்றுகூட எழுதாமல் போன நீங்கள் பதில் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய பாப் இசைக்குழுவினரின் 1963ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகப் படிக்கும்போதெல்லாம், மேடையில் நின்ற நால்வரைவிட, மேடைக்குப் பின்வாசலில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்த உங்களைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன். நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு பேரேட்டைத் திறந்தால் வரவுப் பக்கத்தின் பெரிய தொகைகளைக் காட்டிலும் போக்குவரத்துச் செலவைத்தான் என் கண் முதலில் தேடும்.

உங்கள் கதையும் அந்தச் செலவிலிருந்தே தொடங்குகிறது. லிவர்பூல் இன்ஸ்டிடியூட் பள்ளியில் பால் மெக்கார்ட்னியோடும் ஜார்ஜ் ஹாரிசனோடும் படித்துவிட்டு, கணக்காளர் பயிற்சியில் சேர்ந்திருந்த நீங்கள், 80 பவுண்டுக்கு ஒரு பழைய காமர் வேனை வாங்கி, ஒரு நிகழ்ச்சிக்குத் தலைக்கு 5 ஷில்லிங் வீதம் வாங்கிக்கொண்டு அவர்களை ஏற்றிச் சென்றீர்கள். அரங்கில் இறக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பித் தபால்வழிப் பாடத்தைப் படித்துவிட்டு, மறுபடியும் அழைத்துவரப் போவீர்கள் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். பற்றும் வரவும் ஒரு கையில், வேன் சாவி மறு கையில். 1961 ஜூலையில் அவர்கள் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பியபின் வேலையை விட்டுவிட்டீர்கள். என் மகன் அப்படி ஒரு முடிவோடு வந்து நின்றால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த ஆண்டின் கடைசி நாளில், டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் குரல் தேர்வுக்காக அவர்களை லண்டனுக்கு அழைத்துச் சென்றபோது, பனியில் வழி தவறிப் பத்து மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். எம்1 நெடுஞ்சாலையின் முதல் பகுதி 1959இல் திறக்கப்பட்டிருந்தாலும் அது லிவர்பூலை எட்டவில்லை. சிற்றூர்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறும் சாதாரணச் சாலைகளிலேயே பெரும்பகுதித் தூரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தேர்வில் டெக்கா அவர்களை நிராகரித்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். முந்தைய இரவு பத்து மணிக்கு லண்டனில் இறங்கியவர்கள் மறுநாள் காலையில் பாடவேண்டியிருந்தது என்பதை மதிப்பெண் போட்டவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்பது என் கேள்வி.

1963க்கு வருகிறேன். 1962 டிசம்பர் 31 இரவு ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்பில் வாசித்து முடித்தவர்களுக்கு, ஜனவரி 2ஆம் தேதியே ஸ்காட்லாந்தில் சுற்றுப்பயணம் தொடங்கவேண்டும். கீத் என்ற ஊரில் நடக்கவிருந்த முதல் நிகழ்ச்சி பனிப்பொழிவால் ரத்தானது. எல்கின், டிங்வால், பிரிட்ஜ் ஆஃப் ஆலன், அபர்டீன் என்று அடுத்த நான்கு இரவுகளும் நடந்தன. பிரிட்டன் அதுவரை கண்ட மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்று அது. ஜனவரி 11ஆம் தேதி ‘பிளீஸ் பிளீஸ் மீ’ இசைத்தட்டு வெளியாகி, 13ஆம் தேதி பர்மிங்ஹாமில் பதிவான தொலைக்காட்சி நிகழ்ச்சி 19ஆம் தேதி ஒளிபரப்பானபோது, சாலைகள் உறைந்து கிடந்த ஒரு நாடு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து அவர்களைப் பார்த்தது. அந்த வகையில் குளிர் அவர்களுக்கு உதவியிருக்கலாம். உங்களுக்கு நிச்சயமாக உதவவில்லை.

அந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 22ஆம் தேதி. ஒரே நாளில் லண்டனில் மூன்று பிபிசி வானொலி நிகழ்ச்சிகள்: ‘பாப் இன்’ நேரடி உரையாடல், ‘சாட்டர்டே கிளப்’ பதிவு, ‘தி டேலண்ட் ஸ்பாட்’ பதிவு. மறுநாள் மாலை லிவர்பூலின் கேவர்ன் என்ற நிலவறை இசை அரங்கில் அவர்கள் வாசித்தாக வேண்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கேவர்னின் வாயிற்காவலராகப் பகுதிநேரம் வேலை பார்த்த தொலைபேசிப் பொறியாளர் மால் எவன்ஸ் அன்று வேனை ஓட்டினார். திரும்பும் வழியில் ஒரு கூழாங்கல் பட்டு முன்கண்ணாடி நொறுங்கியது. அவர் அதைக் குத்தித் துளையிட்டு, முகத்தில் நேராக அறையும் பனிக்காற்றோடு வண்டியைச் செலுத்த, பின்னால் இருந்த நால்வரும் ஒரு விஸ்கிப் புட்டியோடு ஒருவர்மேல் ஒருவர் படுத்துச் சூடு தேடிக்கொண்டார்கள். நீங்கள் இல்லாத அந்த ஒரு பயணம்தான் உங்கள் வேலையின் அளவை எனக்குச் சரியாகக் காட்டியது. மற்ற இரவுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஏனென்றால் மற்ற இரவுகளில் வண்டி ஊர்போய்ச் சேர்ந்தது.

ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சிகள் எப்படி அமைந்தன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய வாசகர்களுக்கு அது விந்தையாகப் படும். இசைத்தட்டு நிறுவனங்களும் இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கமும் சேர்ந்து, பிபிசி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்று வரம்பு கட்டியிருந்தன. அதற்கு ‘நீடில் டைம்’ என்று பெயர். இசைத்தட்டின்மேல் முள் ஓடுவதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம். அந்த நேரம் மிகவும் சொற்பம் என்பதால், எஞ்சிய மணிகளை நிரப்புவதற்குக் கலைஞர்களை நேரில் வரவழைத்து வாசிக்கச் செய்வதைத் தவிர பிபிசிக்கு வேறு வழியில்லை. ஒரு பாட்டு பிரபலமானால் அதை வானொலியில் கேட்பதற்காகவே அந்தக் குழு ஊர்விட்டு ஊர் பயணம் செய்து, அதே பாட்டை மறுபடி மறுபடி வாசித்துத் தரவேண்டும். வேலைவாய்ப்பைக் காப்பாற்றுவதற்காகச் சங்கம் வாங்கிய ஒப்பந்தம் உங்கள் வேனுக்கு எத்தனை ஆயிரம் மைல் சேர்த்தது என்று கணக்கிட எனக்கு ஆசை.

பிப்ரவரியில் 16 வயதுப் பாடகி ஹெலன் ஷாப்பிரோ தலைமையேற்ற சுற்றுப்பயணத்தில் அவர்களும் வாசித்தார்கள். 9ஆம் தேதி இங்கிலாந்தின் வடகிழக்கே சண்டர்லாந்தில் நிகழ்ச்சி; 11ஆம் தேதி காலை பத்து மணிக்கு லண்டன் இஎம்ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் முதல் ஆல்பம்; 12ஆம் தேதி இரவில் ஷெஃபீல்டு, ஓல்டம் என்று இரண்டு ஊர்களின் நடன அரங்குகள். நடுவில் அந்த ஒரு நாளில், இரவு பத்தே முக்கால் வரை நீண்ட மூன்று அமர்வுகளில், ஆல்பத்துக்குத் தேவையான பத்துப் பாடல்களும் பதிவாகிவிட்டன. மதிய இடைவேளையில் ஒலிப்பதிவாளர்கள் சாப்பிடப் போய்த் திரும்பியபோது, நால்வரும் பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஜான் லெனனுக்குக் கடும் சளி. தொண்டை மருந்து மிட்டாய்களைச் சுவைத்தபடியே பகலைக் கடத்தியவர், குரலைக் கிழித்தெடுக்கும் ‘டுவிஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலைக் கடைசியாக வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடித்தார். ஒரே நாளில் ஆல்பம் என்பதைச் சாதனையாகவே எழுதுகிறார்கள். என் கண்ணுக்கு அது நாட்காட்டியின் நெருக்கடி. அந்த வாரத்தில் இரண்டாவது நாள் காலியாக இல்லை. மார்ச்சில் மறுபடியும் சளி பிடித்து லெனன் சில நிகழ்ச்சிகளுக்கு வரமுடியாமல் போனதும் அதே நெருக்கடியின் தொடர்ச்சிதான்.

இத்தனைக்கும் அப்பயணங்களில் அவர்கள் மேடையில் நின்ற நேரம் மிகக் குறைவு. பல கலைஞர்கள் ஒரே பேருந்தில் போய், திரையரங்குகளில் ஒரு மாலைக்கு இரண்டு காட்சிகள் நடத்துவது அன்றைய முறை. இரவு முழுக்க மணிக்கணக்கில் வாசித்து ஹாம்பர்க்கில் தேறிய ஒரு குழு, ஷாப்பிரோ பயணத்தில் நாலைந்து பாடல்களோடு இறங்கிவிடவேண்டும். ஆண்டின் இறுதியில் அவர்களே தலைமைக் கலைஞர்களான பின்பும் பத்துப் பாடல்கள், சுமார் 25 நிமிடங்கள். அதையும் கூச்சல் விழுங்கிவிட்டது. பேருந்தின் இருக்கையில் கிடைத்த நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிப்ரவரி 28ஆம் தேதி யார்க்கிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குப் போகும் வழியில் ‘ஃப்ரம் மீ டு யூ’ பாட்டை எழுதி, மார்ச் 5ஆம் தேதி பதிவும் செய்துவிட்டார்கள்.

ஜூலை மாதத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அப்படியே எடுத்து வைக்கிறேன். 16ஆம் தேதி லண்டன் பாரிஸ் தியேட்டரில் ‘பாப் கோ தி பீட்டில்ஸ்’ வானொலித் தொடரின் மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. 17ஆம் தேதி ‘ஈஸி பீட்’ வானொலிப் பதிவு. 18ஆம் தேதி இஎம்ஐயில் இரண்டாவது ஆல்பத்தின் தொடக்கம். 19, 20 ஆகிய இரு நாட்களும் வேல்ஸ் கடற்கரையில் ரில் நகரின் நடன அரங்கு. 21ஆம் தேதி பிளாக்பூல். 22 முதல் 27 வரை தென்மேற்கே வெஸ்டன்-சூப்பர்-மேரின் ஓடியன் திரையரங்கு. இந்த வெஸ்டனில்தான் பழங்காலக் கோடு போட்ட நீச்சலுடைகளில் கடற்கரையில் குதித்துக் கூத்தடிக்கும் அந்தப் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. எத்தனை உல்லாசமான இளைஞர்கள் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு நாட்களின் வரிசையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஆறு நாட்கள் ஒரே ஊரில் தங்கக் கிடைத்த மகிழ்ச்சியாகவே அது எனக்குத் தெரிகிறது.

‘பாப் கோ தி பீட்டில்ஸ்’ தொடரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பிபிசியின் லைட் புரோகிராம் அலைவரிசையில் 1963 ஜூன் 4 முதல் செப்டம்பர் 24 வரை, செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு, இடையில் சில வாரங்கள் நீங்கலாக, 15 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம். வாரந்தோறும் நேயர்களின் கடிதங்கள் கேட்கும் பாடல்களுக்கு ஈடுகொடுக்க, கேவர்னிலும் ஹாம்பர்க்கிலும் வாசித்த பழைய சரக்கையெல்லாம் அவர்கள் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. சக் பெர்ரி, கார்ல் பெர்கின்ஸ், ஆர்தர் அலெக்சாண்டர் ஆகியோரின் பாடல்களும், அமெரிக்கப் பெண்கள் குழுக்களின் பாடல்களும் அங்கே இடம்பெற்றன. 1962 மார்ச் முதல் 1965 ஜூன் வரை பிபிசி வானொலியில் அவர்களுடைய வாசிப்புகள் 275 முறை ஒலித்தன. வெவ்வேறு பாடல்கள் 88. அவற்றுள் 36 அவர்கள் குழுவாக இருந்த காலத்தில் இசைத்தட்டாகவே வரவில்லை.

மேடைகளில் கூச்சலுக்கு நடுவே தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்க முடியாமல் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்கு அவர்களுக்கு இந்த வானொலிக் கூடங்கள் கிடைத்தன. பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் கோருக்கு நீங்களே தலைமை வகித்த காலத்தில், 1994 நவம்பரில் அப்பதிவுகளில் ஒரு பகுதி ஆல்பமாக வந்தது. பல நாடாக்களை பிபிசி பாதுகாக்கவில்லை என்பதால், வீட்டு வானொலியிலிருந்து நேயர்கள் பிடித்துவைத்த ஒலிகளையும் தேடிச் சேர்க்கவேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போது, களைப்பு என் காதில் விழவே இல்லை. முந்தைய இரவில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று தேதியைப் புரட்டிப் பார்த்துத்தான் களைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தட்டச்சு செய்த வாராந்திர நிகழ்ச்சி நிரலில் எத்தனை மணிக்கு எங்கே இருக்கவேண்டும் என்று ஒழுங்காகக் குறித்துக் கொடுத்தவர், ஓய்வுக்கென்று தாராளமாக எதையும் குறிக்கவில்லை. ஆனால் புகழ் வருவதற்கு முன்னால் சிறு தொகைக்கு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளைப் புகழ் வந்த பின்பும் அதே தொகைக்கு அவர் நிறைவேற்றினார். ஒப்பந்தத்தை மதிக்காதவர்களின் ஏடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அது பெரிய விஷயம். அந்த நாணயத்தின் ஒரு பங்கை உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்தார் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

ஆகஸ்டில் மால் எவன்ஸ் முழுநேரமாகச் சேர்ந்தார். டிரம்ஸும் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களும் அவர் பொறுப்பில் போக, நீங்கள் ஆட்களைக் கவனிக்கத் தொடங்கினீர்கள். அதற்குள் வேலையின் தன்மையே மாறிவிட்டது. முன்பு ஊருக்குள் போகும் வழியைத் தேடிய நீங்கள், இப்போது அரங்கத்திலிருந்து வெளியேறும் வழியைத் தேடினீர்கள். நவம்பர் 10ஆம் தேதி பர்மிங்ஹாமில் அவர்கள் போலீஸ்காரர்களின் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு உள்ளே போகவேண்டியிருந்தது. டிசம்பர் 7ஆம் தேதி லிவர்பூலில் ஒரே பிற்பகலில் பிபிசி தொலைக்காட்சிக்கு இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டு, மாலையில் இன்னொரு அரங்கில் இரண்டு காட்சிகள் வாசித்தார்கள். அவர்களின் கையெழுத்தைக் கேட்டு வந்து குவிந்த படங்களில் பலவற்றில் நீங்களே அவர்களைப் போலக் கையெழுத்திட்டீர்கள் என்பதை அறிந்தபோது, தணிக்கையாளன் என்ற முறையில் ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகு, அந்த நாட்காட்டியில் வேறு எந்த நேரத்தில் அவர்கள் போட்டிருக்க முடியும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு தேதி. 1963 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியைச் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். ஒரு பாப் குழு நாடு முழுவதன் பேச்சாக மாறிய இரவு என்று எல்லா நூல்களும் அதைக் குறிக்கின்றன. நீங்கள் 1941இல் பிறந்ததும் ஓர் அக்டோபர் 13தான். உங்களுக்கு அன்று 22 வயது நிறைந்தது. அந்த அமளியில் யாருக்காவது அது நினைவிருந்ததா, யாராவது ஒரு துண்டு கேக்காவது வெட்டினார்களா என்று உங்களைக் கேட்கவேண்டும் என்றுதான் இக்கடிதத்தை எழுதத் தொடங்கினேன். நிகழ்ச்சிப் பட்டியலில் அதற்குப் பதில் இல்லை. அதில் அடுத்த வரி 15ஆம் தேதி, சவுத்போர்ட், ஃப்ளோரல் ஹால். லண்டனிலிருந்து சுமார் 200 மைல் வடக்கே. 16ஆம் தேதி மறுபடியும் லண்டன், வானொலிப் பதிவு.

இப்படிக்கு,
உங்கள் பழைய தொழிலில் இன்னும் இருக்கும் ஒருவன்