பதற்றத்தில் போட்ட கையெழுத்து

அவசர சிகிச்சைப் பிரிவுகளில் எடுக்கப்படும் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. குரலை வைத்தே வீட்டார் ஆளைக் கண்டுகொள்வார்கள். நியூயார்க்கில் உயிர் பிரியும் நிலையில் இருந்த நோயாளியை அனுமதியின்றிப் படம்பிடிக்க விட்ட மருத்துவமனை, 2016-இல் 22 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

சரி, கையெழுத்து வாங்கிவிட்டால்? அப்பாவை நெஞ்சுவலியோடு கொண்டுபோன இரவில், நீட்டிய தாள்களில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு காலில் செருப்பே இல்லை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்துக் கையெழுத்து சம்மதமே அல்ல. சிகிச்சை நடக்கும் அறைக்குள் கேமராவை விடக்கூடாது. குணமாகி வீடு திரும்பியவர்கள் விரும்பினால், அப்புறம் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும், அதைப் படமாக்கலாம்.