கோடு ஐந்து இருந்தும் நெட் ஏன் நகரவில்லை?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஆன்லைன் நேர்காணல் பாதியில் அறுந்துபோனதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. "சிக்னல் ஃபுல்லா இருந்துச்சும்மா, போன்தான் மோசம், மாத்திடப்போறேன்" என்கிறாய். கொஞ்சம் பொறு.

போன் திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அடுத்த முறை பக்கத்திலிருக்கும் எழுத்தைப் பார். 'இ' (E) என்று இருந்தால் போன் எட்ஜ் என்ற பழைய 2ஜி டேட்டா முறையில் நிற்கிறது. ஏட்டுக்கணக்கிலேயே அது நொடிக்கு 500 கிலோபிட்டைத் தொடாது. 200 கிடைத்தாலும் 5 எம்பி படம் ஒன்று போய்ச்சேர மூன்று நிமிடத்துக்கு மேலாகும். வீடியோ காலுக்கு எங்கே போவது? 'ஹெச்' (H) என்றால் 3ஜி. கூட்டமில்லாத நேரத்தில் சமாளிக்கலாம். 4ஜி காட்டியும் இழுத்தால், பெரும்பாலும் ஒரே டவரைப் பலர் பங்கிடுகிறார்கள் என்று பொருள். விடியற்காலையில் வேகத்தைச் சோதித்துப் பார், தெரிந்துவிடும்.

நேர்காணலின் நடுவே யாரோ அழைத்ததும் வீடியோ நின்றதாகச் சொன்னாயே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். 4ஜி டேட்டாவுக்காகவே உருவானது. பழைய முறைக் குரல் அழைப்புக்கு அதில் வழியே கிடையாது. வோல்டிஇ (VoLTE), அதாவது குரலையும் 4ஜி வழியே டேட்டாவாக அனுப்பும் வசதி, இல்லாத போன், அழைப்பு வந்தவுடன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். 2ஜிக்கு இறங்கினால் பேசி முடிக்கும்வரை பெரும்பாலும் டேட்டா நின்றேபோகும். செட்டிங்ஸில் வோல்டிஇ அணைந்திருக்கிறதா என்று இன்றே பார்.

5ஜி போன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. 5ஜி அலைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி உள்ளே வரும். வேகம் அள்ளித்தரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையோ சுவருக்குள் நுழைவதற்குள் மெலிந்துவிடும். உன் அறையில் 5ஜி வந்து வந்து போனால், முக்கியமான அழைப்பின்போது 4ஜியில் நிறுத்திவைப்பதே நல்லது. வேகம் குறைந்தாலும் அறுபடாமல் இருக்கட்டும், உனக்கு அதுதானே வேண்டும்.

இன்னொன்று. பெட்டியில் 5ஜி என்று போட்டிருந்தால் போதாது. உன் நெட்வொர்க் பயன்படுத்தும் பேண்டுகள், அதாவது அலைவரிசைகள், அந்த மாடலில் இருக்கவேண்டும். வேறு நாட்டுக்காகத் தயாரித்த போன்களில் சில பேண்டுகள் இருக்காது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மாடல் எண்ணை எனக்கு அனுப்பு, பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த நேர்காணல் எப்போது என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா