திருவிழாக் குழுவினருக்கு ஒரு மேடைப் பாடகியின் மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துத் திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

உங்கள் ஊர்க் கச்சேரிகளில் பாடுகிறவள் நான். ஆடி பிறக்கப் போகிறது. முன்பணம் கொடுக்கிற நேரம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மேடைக்கு வருகிற துண்டுச்சீட்டில் முக்கால்வாசி குத்துப்பாட்டுதான். எழுதி அனுப்புவது நீங்கள். பாடிவிட்டுக் கீழே இறங்கினால், "இதெல்லாம் குடும்பப் பொண்ணு பாடுற பாட்டா?" என்ற பேச்சும் உங்கள் பந்தலில்தான் கேட்கிறது. அதே பாட்டை என்னோடு சேர்ந்து பாடிய அண்ணனுக்கோ சால்வை போடுகிறீர்கள்.

போன வருஷம் ஒரு ஊரில், எங்கள் பாட்டுக் குழுவுக்குப் புதிதாக வந்த பெண்ணின் சேலையில் ரூபாய் நோட்டைக் குத்த ஒருவர் மேடையேறினார். அவள் கையைத் தட்டிவிட்டாள். உடனே மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள். பேசிய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் செய்தது சரி என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

ஆடி மாசம் விடிந்தும் விடியாததுமாக உங்கள் மைக் செட்டில் ஒலிப்பது யார் குரல்? எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவுடையது. 1960களில் சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு என்றாலே அவரைத்தான் தேடினார்கள். அதே தொண்டைதான் மாரியாத்தாவையும் கூப்பிடுகிறது. அதைக் கேட்டு அருள் வந்து ஆடுகிறவர்கள், இந்தக் குரல் முன்னே என்ன பாடியது என்று விசாரிப்பதில்லை. எங்களை மட்டும் ஏன் விசாரிக்கிறீர்கள்?

வாணி ஜெயராம் 1945-இல் இதே வேலூரில் பிறந்தவர், 3 முறை தேசிய விருது வாங்கியவர். "எங்க ஊர்க்காரங்க" என்று நீங்கள் மேடையில் சொல்லும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அருமையாகப் பாடிய எத்தனையோ பிள்ளைகளை, வயசுக்கு வந்ததும் "போதும்மா" என்று வீட்டில் உட்காரவைத்துவிடுகிறார்கள். கேட்டால், ஊர் பேசும் என்கிறார்கள். அந்த ஊர் நீங்கள்தான்.

அப்புறம், இந்த ஆடிக்கு எங்களுக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீசில் ஆண் பாடகர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, "மற்றும் பாடகிகள்" என்று முடிக்காதீர்கள். எங்களுக்கும் பெயர் இருக்கிறது. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை கொடுங்கள். என்ன உடை என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நோட்டோடு மேடையேறுகிறவரைத் திருவிழாக் குழுக்காரர்களே தடுத்து நிறுத்துங்கள். ஒரே கச்சேரியில் ஒரே அளவு பாடுகிறவர்களுக்கு ஒரே சம்பளம் பேசுங்கள்.

சம்மதம் என்றால் முன்பணம் கொடுத்தனுப்புங்கள். குத்துப்பாட்டோ அம்மன் பாட்டோ, சீட்டில் வருவதைத் தயங்காமல் பாடுகிறோம். இல்லையென்றால் எங்கள் குழுப் பெண்கள் யாரும் உங்கள் ஊர் மேடை ஏறுவதாக இல்லை. குழு நடத்துகிற அண்ணனிடமும் இதைப் பேசி முடித்துவிட்டோம்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்து மேடைப் பாடகி